கடித்து வைத்த பெட்டிஸ்

சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஹோட்டலுக்குச் சாப்பிடப் போகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. கேட்டால், பிள்ளைகளின் சந்தோஷத்துக்காகவாம். எந்தப் பிள்ளை அங்கே சந்தோஷமாக இருந்தது, சொல்லுங்கள் பார்ப்போம். ஒன்று மேசைக்கு அடியில் கிடக்கும். ஒன்று உப்புக் குப்பியைக் கவிழ்க்கும். இன்னொன்று பக்கத்து மேசைக்காரரின் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கும். அப்பன்காரன் போனைத் தடவுவான். அம்மாக்காரி எல்லாருக்கும் ஊட்டி முடித்து, ஆறிப்போனதை அள்ளி விழுங்கிவிட்டு, ஏப்பம்கூட வராமல் எழும்புவாள். இந்தக் கூத்துதான் வீட்டில் தினமும் நடக்கிறதே, இதற்குப் பஸ் ஏறிப் பதுளைக்கு வேறு போக வேண்டுமா?

இதைப் பேச எனக்கு யோக்கியதை உண்டு. தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறேன். காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஓடுகிற தாய்மார், கைக்குழந்தைகளை என்னிடம் இறக்கி வைத்துவிட்டுக் கொழுந்து பறிக்க மலை ஏறிவிடுவார்கள். அவர்கள் திரும்பி வரும்வரை பால் கொடுப்பதும், கஞ்சி ஊட்டுவதும், துடைப்பதும், தொட்டில் ஆட்டுவதும் நான்தான். சம்பளத்துக்குச் செய்கிற வேலை. அதனால் ஒரு பிள்ளைக்கு வயிறு நிறைவது எப்படி என்று எனக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டாம்.

அப்படிப்பட்ட நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை, புருசனையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பதுளை டவுனில் ஹோட்டலில் போய் உட்கார்ந்தேன். காரணம், என் மகள். அவளைக் கொழும்புக்கு அனுப்புவதா இல்லையா என்பது அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் முடிவாக இருந்தது. அவளுக்கு அப்போது ஏழு வயது.

கேட்டது மதினி, அதாவது என் வீட்டுக்காரரின் அக்கா. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பராவில் பிறந்து, எங்கள் பீலியில் கொட்டுகிற மலைத் தண்ணீரில் குளித்து வளர்ந்தவர். கலியாணம் கட்டிக் கொழும்புக்குப் போய், புருசனோடு ஒரு துணிக்கடை வைத்ததிலிருந்து, "லயமா? அங்க எப்பிடித்தான் இருக்கீங்களோ!" என்று நெஞ்சில் கை வைப்பார். 'வருவார்', 'போவார்' என்று மரியாதையாகத்தான் எழுதுகிறேன், கவனியுங்கள். பழக்க தோஷம்.

ஒருநாள் போன் எடுத்து, "பெரியவள என்கிட்ட அனுப்பி வைங்க. தோட்டத்து ஸ்கூல்ல என்னத்தப் படிச்சுக் கிழிக்கப்போறா? நா படிக்க வைக்கிறேன். இங்கிலீசு பேசுவா பாருங்க" என்றார்.

என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. தேயிலை பெக்டரியில் வேலை செய்கிற மனுசன். மிசின் நின்றால்கூட நாலு பேரிடம் யோசனை கேட்பார். அக்கா சொல்லிவிட்டால் மட்டும் ஒரு யோசனையும் கிடையாது, தலையாட்டல்தான். அன்று பொழுது சாய்வதற்குள் லயம் முழுக்க, "எம் மகள் கொழும்புல படிக்கப்போறா" என்று பறைசாற்றி முடித்துவிட்டார். பக்கத்துக் காம்பராக்காரி வந்து, "ஒனக்கென்ன, குடுத்து வச்சவ" என்று வயிற்றெரிச்சலோடு சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் வருகிற வாத்தியார் எல்லாரும் வந்த நாளிலிருந்தே மாற்றலுக்கு எழுதிப் போடுகிறவர்கள். ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் ஒரே அறையில். என் மகளோ எழுத்து என்று எதைக் கண்டாலும் விடமாட்டாள். ரொட்டி சுற்றி வந்த பேப்பரை விரித்து வாசிப்பாள். உர மூட்டையில் எழுதியிருப்பதை எழுத்துக்கூட்டுவாள். அவளை அங்கே உட்கார வைத்து வீணாக்குகிறோமே என்று பல நாள் மனசு அடித்துக்கொண்டிருக்கிறது. அதனால் மதினியின் பேச்சைக் கேட்டதும் உடனே வெட்டிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

ஆனாலும் உள்ளுக்குள் ஏதோ இடித்தது. கொழும்பில் வீட்டு வேலைக்குச் சின்னப் பிள்ளை வேண்டும் என்று எவனாவது தரகன் லயத்துப் பக்கம் தலை காட்டட்டும், விறகுக் கட்டையை எடுத்துக்கொண்டு விரட்டுவோம். அப்படிப் பிள்ளைகளை அனுப்பி எத்தனை பட்டிருக்கிறோம்! அதே ஆள் அத்தை என்ற பேரில் வந்தால், பாய் விரித்துத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, பிள்ளையையும் பையோடு கையில் ஒப்படைப்போம். எந்த வீடு, எந்தப் பள்ளிக்கூடம், எங்கே படுக்கை என்று ஒரு கேள்வி கேட்க மாட்டோம். கேட்டால் சொந்தத்தைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடுமாம். எங்கள் ஆட்களின் புத்தி அப்படி.

"நேர்ல பேசுவோம் மதினி, ஒருக்கா வந்துட்டுப் போங்க" என்றேன்.

வந்தார். தன் பெண் குழந்தையோடு ரயிலில் பதுளைக்கு வந்து, டவுனிலேயே அறை எடுத்துத் தங்கினார். தோட்டத்துக்கு வர முடியாதாம். பாப்பாவை அட்டை கடிக்குமாம், சளி பிடிக்குமாம். "நீங்க ஞாயித்துக்கிழம டவுனுக்கு வாங்க. ஒரு நல்ல ஹோட்டல் இருக்கு, சாப்பிட்டுக்கிட்டே பேசலாம். பெரியவளயும் பாத்த மாதிரி இருக்கும்" என்றார். பெண் பார்க்க வருகிற மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள்கூட நம் வீட்டு வாசலை மிதிப்பார்கள். இவருக்குப் பெண்ணைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டியிருந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கும்வரை என் வீட்டுக்காரர் மகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டு வந்தார். "அத்த முன்னுக்கு ஒழுங்கா இருக்கணும், சரியா? குடுத்தா மட்டுந்தான் சாப்பிடணும். சொன்னதக் கேக்கணும். இது ஒரு பரீட்ச மாதிரி. பாஸாயிட்டா கொழும்பு."

"பாஸானா பெரிய ஸ்கூலாப்பா?"

"பெரிய ஸ்கூலு."

மகள் தன் பாடப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். அத்தைக்கு வாசித்துக் காட்டுவதற்கு. எந்தப் பக்கம் வாசிப்பது என்று காகிதம் கிழித்து அடையாளம் வேறு வைத்திருந்தாள். சின்னவன், மூன்று வயது, என் மடியில் தூங்கி வழிந்தான்.

அந்த ஹோட்டலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர்ப் பலகைக்குக் கீழே 'வீட்டுச் சுவை, வீட்டு மணம்' என்று எழுதியிருந்தது. வீட்டுச் சுவை வேண்டுமென்றால் மனுசன் வீட்டிலேயே இருக்க மாட்டானா? உள்ளே சீமெந்துச் சுவரை மண்சுவர் மாதிரி பூசியிருந்தார்கள். நெருப்பையே பார்க்காத மண்சட்டிகளைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு மூலையில் விறகடுப்பு. அதற்குள் சிவப்பு பல்பு எரிந்தது. நான் காலையில் ஈர விறகோடு மல்லுக்கட்டி, கண்ணில் நீர் வழிய ஊதிவிட்டு வந்தவள். அந்த பல்பைப் பார்த்ததும் சிரிப்பதா துப்புவதா என்று தெரியவில்லை. போதாதற்கு ஏசி. நாங்கள் மலைக் குளிருக்கு ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு இறங்கி வந்தால், இவர்கள் காசு வாங்கிக்கொண்டு குளிர வைக்கிறார்கள்.

சாப்பாட்டு அட்டையில் 'அம்மா கைப்பக்குவக் கஞ்சி' என்று ஒன்று இருந்தது. மகள்தான் வாசித்துச் சொன்னாள். எட்டிப் பார்த்தேன். குசினிக்குள் தாடி வைத்த ஆம்பளைகள் வேர்த்து வடிய நின்றுகொண்டிருந்தார்கள். எந்த அம்மாவோ!

மதினி ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார். கறுப்புக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டிருந்தார். பாப்பாவுக்கு இரண்டு வயசு இருக்கும், கொழுகொழுவென்று நன்றாகத்தான் இருந்தது. குழந்தைகளுக்கென்று போட்டிருந்த உயரமான நாற்காலியில் உட்கார வைத்திருந்தார். அதன் பட்டி அறுந்திருந்ததால், அது வழுகி வழுகிக் கீழே இறங்கப் பார்த்தது.

"வாங்க, வாங்க" என்றவர், மகளைத் தலை முதல் கால்வரை பார்த்தார். "ஒயரமாத்தான் இருக்கா. கைய காட்டு பாப்போம். நகமெல்லாம் சுத்தமா இருக்கு. நல்லது. நீ பாப்பா பக்கத்துல ஒக்காரு."

மகள் புத்தகத்தை மேசையில் வைத்து, அடையாளம் வைத்த பக்கத்தைத் திறந்தாள். "அத்தே, நா வாசிக்கட்டுமா?"

"அதெல்லாம் பொறகு பாப்போம். பாப்பா கிழிச்சிருவா, எடுத்துப் பையில வை."

அவள் எடுத்து வைத்தாள். எனக்கு அப்போதே முகம் மாறியிருக்கும். என் வீட்டுக்காரர் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

நாங்கள் இன்னும் ஒன்றும் சொல்லவே இல்லை, வெயிட்டர் வந்து மேசை நடுவில் ஒரு பெரிய தட்டை வைத்துவிட்டுப் போனார். ரோல்ஸ், பெட்டிஸ், கட்லட், உளுந்து வடை, மீன் பணிஸ் என்று கோபுரமாக அடுக்கியிருந்தது. சுவரை எப்படிப் பூசினாலும் இந்த வழக்கத்தை மட்டும் எந்தக் கடைக்காரரும் விடமாட்டார். கேட்காமலே தட்டு வரும். எடுத்துத் தின்றதற்கு மட்டும் கணக்கு. தொடாதது அப்படியே அடுத்த மேசைக்குப் போகும். பெரியவர்கள் பேச்சு சுவாரசியத்தில் எடுப்பார்கள், பிள்ளைகள் கேட்டு அழுவார்கள், அதுதான் அவர்களின் யாவாரம். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது மூன்று வயதிலேயே தெரியும். டவுனுக்குக் கூட்டிப் போகும்போதே சொல்லித்தான் கூட்டிப் போவோம், தட்டைக் கண்ணால் பார், கையால் தொடாதே என்று. என் சின்னவன் தூக்கம் கலைந்து தட்டைப் பார்த்தான். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். பார்க்கப் பாவமாக இருந்தது.

கொழும்புப் பாப்பாவுக்கு அந்தப் பயம் ஏது? எம்பி ஒரு பெட்டிஸை எடுத்து ஒரு கடி கடித்துத் தூக்கிப் போட்டது. அடுத்து ஒரு ரோல்ஸ். நக்கிப் பார்த்துவிட்டுத் தட்டிலேயே வைத்தது. வடையின் ஓட்டைக்குள் விரலை விட்டுச் சுற்றியது. மதினி, "ஐயோ, எஞ் செல்லம்! பசிக்குதா?" என்று சிரித்தார். தூரத்தில் வெயிட்டர் எங்கள் மேசையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பார்வை மதினிக்கும் உறைத்தது. பாப்பா கடித்ததை, நக்கியதை, பிய்த்ததை எல்லாம் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார். என் மகளுக்கு முன்னால் இருந்த வெறும் தட்டில் வைத்தார்.

"கடிச்சா குடுத்துத்தான் ஆகணும். வீணாக்கக் கூடாது பாருங்க. இவ சாப்பிட்டுக்குவா."

எனக்குக் கேட்டது சரிதானா என்று என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தட்டிலிருந்து ஒரு முழுக் கட்லட்டை எடுத்துக் கடித்துக்கொண்டிருந்தார். கடிபடாத கட்லட். அக்கா எடுத்துக் கொடுத்தது.

பிறகு சாப்பாடு சொன்னார்கள். மதினிக்குச் சோறும் கோழிக்கறியும். எங்கள் இரண்டு பேருக்கும் அதுவே. சின்னவனுக்கு என் தட்டு போதும். பாப்பாவுக்கு அந்த அம்மா கைப்பக்குவக் கஞ்சி. மகள் என் காதில், "அம்மா, கொத்து ரொட்டி. ஒறப்பு போடாம" என்றாள். பஸ்ஸில் வரும்போதே கேட்டு வைத்திருந்தாள். இரும்புத் தகட்டில் டக்கடக் டக்கடக் என்று கொத்துகிற சத்தம் அவளுக்குப் பிடிக்கும்.

"அவளுக்கு ஒரு கொத்து" என்று வாய் எடுத்தேன்.

"அவளுக்குத் தனியா எதுக்கு? அதான் பாப்பா வச்சது அவ்ளோ கெடக்கே" என்றார் மதினி. வெயிட்டரைக் கையை அசைத்து அனுப்பியும் விட்டார்.

அந்த இடத்திலேயே எழும்பி வந்திருக்க வேண்டியவள்தான் நான். வாய்வரை வந்தது. ஆனால் பெரிய ஸ்கூல், பெரிய ஸ்கூல் என்று மண்டைக்குள் ஒன்று ஓடிக்கொண்டே இருந்ததே. ஒரு கொத்து ரொட்டிக்காகப் பிள்ளையின் படிப்பைக் கெடுத்த சிறுக்கி என்று நாளைக்குப் பேர் வரக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

கஞ்சி வந்தது. மதினி கிண்ணத்தை என் மகள் பக்கம் நகர்த்தினார். "பாப்பாவுக்கு ஊட்டு பாப்போம்."

என் மகளுக்கு ஊட்டத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டதும் நேராக மடுவத்துக்குத்தான் வருவாள். நான் ஊட்டுவதைப் பார்த்துப் பார்த்துத் தானும் ஒரு பிள்ளையை மடியில் போட்டுக்கொள்வாள், விளையாட்டாக. இப்போது கரண்டியில் கொஞ்சமாக எடுத்து, ஊதி, தன் உதட்டில் வைத்துச் சூடு பார்த்து, "ஆ காட்டுங்க, ஆ" என்றாள். பாப்பா தலையைத் திருப்பியது. இவள் கரண்டியைப் பின்னால் ஒளித்தாள். பாப்பா தேடியது. வாய் திறந்ததும் உள்ளே போட்டாள். மதினி அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சந்தையில் பால் மாடு பார்க்கிறவர்கள் மடியைத் தடவிவிட்டு நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பார்கள், அதேதான்.

"அடி சக்க! என்கிட்ட ஒரு வாய் வாங்க மாட்டா இவ. எங்க வீட்டுல இருந்த புள்ளயும் போன மாசம் ஊருக்குப் போறேன்னு போயிட்டா. அதுலருந்து கடையில நிக்க முடியல, ஒண்ணும் முடியல. நாய் படாத பாடு. இவ கை ராசிக்காரி."

என் வீட்டுக்காரர் பல்லைக் காட்டினார். என் பக்கம் சாய்ந்து, "பாத்தியா, பாஸாயிட்டா" என்றார். பெருமையாகச் சொன்னார். இந்த மனுசனோடு எப்படித்தான் குடும்பம் நடத்துகிறேனோ என்று அன்றைக்கு நினைத்தேன்.

சோற்றைப் பிசைந்துகொண்டே, குரலைக் கீழே இறக்கிக் கேட்டேன். "எந்த ஸ்கூலுன்னு பாத்து வச்சிருக்கீங்க மதினி?"

"எது?"

"பெரியவளுக்கு."

"ஆ, அதுவா. ஸ்கூலு எங்க போயிரப்போவுது? பாப்பா கொஞ்சம் வளரட்டும். நர்சரிக்குப் போற வயசு வந்ததும் ரெண்டு பேரயும் ஒண்ணாவே சேத்துரலாம். அதுவரைக்கும் வீட்டுல நானே சொல்லிக் குடுப்பேன். கடையடைச்சு வந்து ராவைக்கு ஒக்காந்தா போதாதா?"

"அவ இப்பவே ரெண்டாம் வகுப்பு படிக்கிறா மதினி."

"அதுக்கென்ன? அவ சின்னப் புள்ளதானே. ஒரு வருசம் ரெண்டு வருசம் முன்னப் பின்ன போனா என்னவாம்?"

கோழிக்காலைக் கடித்துக்கொண்டுதான் இதைச் சொன்னார். ஒரு கூச்சம், ஒரு கண் சிமிட்டல்கூட இல்லை. பொய் சொல்கிறவர்களுக்காவது கொஞ்சம் பயம் இருக்கும். இவர் பொய்யும் சொல்லவில்லை. தம்பி மகளுக்கு நல்லது செய்கிறோம் என்று உண்மையாகவே நம்பிக்கொண்டு அந்த எலும்பை உறிஞ்சினார். அதைப் பார்க்கத்தான் எனக்கு அருவருப்பாக இருந்தது. என் வீட்டுக்காரரின் கை மட்டும் சோற்றில் நின்றுவிட்டது. நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார்.

பாப்பா கஞ்சியைக் குடித்து முடித்தது. எங்கள் தட்டுகளும் காலி. சின்னவன் என் கையால் வயிறு நிறையச் சாப்பிட்டு, ஏசிக் குளிரில் என் சேலைக்குள் சுருண்டுவிட்டான். மேசையில் சாப்பிடாமல் இருந்தது ஒரே ஒரு ஆள்தான். அவள் முன்னால் அந்தத் தட்டு அப்படியே இருந்தது. பல் தடம் பதிந்த பெட்டிஸ், எச்சில் ஊறிப் பிரிந்துபோன ரோல்ஸ், பிய்ந்த வடை. காலையில் ஒரு துண்டு ரொட்டி தின்றுவிட்டு பஸ் ஏறிய பிள்ளை.

அவள் கிண்ணத்தை ஓரமாக வைத்தாள். கையைப் பாவாடையில் துடைத்தாள். பிறகு கேட்டாள்.

"அத்தே, நா இப்ப சாப்பிடட்டுமா?"

நான் பக்கத்தில் இருக்கிறேன். பெற்றவள், குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறேன். அப்பன் இருக்கிறார். அவள் எங்கள் இரண்டு பேரையும் பார்க்கவே இல்லை. தன் பசிக்கு யாரிடம் உத்தரவு கேட்க வேண்டும் என்று ஒரு நேரச் சாப்பாட்டுக்குள் பிள்ளை கற்றுக்கொண்டுவிட்டது.

மதினி கைப்பையில் எதையோ துழாவிக்கொண்டே, "பாப்பா வாயத் தொடச்சி விட்டுட்டுச் சாப்பிடு" என்றார்.

மகள் துடைக்க எழும்பினாள். நான் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"நீ ஒக்காரு. ஒங்க அத்தைக்குக் கையில்லையா?"

"என்ன பேசுற நீ?" என்றார் மதினி.

"சரியாத்தான் பேசுறேன் மதினி. இந்த வேலைய நா தோட்டத்துல சம்பளம் வாங்கிக்கிட்டுச் செய்றேன். எம் மகள நீங்க எச்சிப் பெட்டிஸுக்குச் செய்யச் சொல்றீங்க."

"அடிப்பாவி! படிக்க வைக்கிறேன்னு தானே கேட்டேன்? தோட்டத்துல கெடந்து சீரழியட்டும்னு விட்டுட்டா நல்லாருக்குமா? எந் தம்பி மகளுக்கு எனக்கு உரிமை இல்லையா?"

"உரிமை உள்ளவங்க ஒரு கொத்து ரொட்டி வாங்கிக் குடுத்திருப்பாங்க."

பக்கத்து மேசைகள் எல்லாம் திரும்பின. திரும்பட்டும். வீட்டுச் சுவை என்று பலகை போட்டால் வீட்டுச் சண்டையும் சேர்த்துத்தான். நான் வெயிட்டரைக் கூப்பிட்டேன். "கோழிக் கொத்து ஒண்ணு. ஒறப்பு போடாம. இந்தப் புள்ளைக்கு" என்று அவள் தோளைத் தொட்டுக் காட்டிச் சொன்னேன்.

"எனக்கு ரயிலுக்கு நேரமாகுது" என்றார் மதினி, தம்பியைப் பார்த்து. வழக்கமாக இந்த இடத்தில் என் வீட்டுக்காரர், "சும்மா இரு புள்ள" என்று என்னை அடக்குவார். நான் அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தேன். அன்றைக்கு அவர் மகளுக்கு முன்னால் இருந்த அந்த எச்சில் தட்டை எடுத்தார். அதை அக்காவுக்கு முன்னால் வைத்தார்.

"இது ஒம் புள்ள கடிச்சது, அக்கா" என்றார்.

மதினியின் முகம் சுருங்கிப்போனது. பாப்பா அந்த நேரம் பார்த்து நாற்காலியிலிருந்து வழுகி, வீறிட்டது. அவர் தூக்கினார். தூக்கவும் சரியாகத் தெரியவில்லை, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். அது கஞ்சி வாயை அவர் சேலையில் துடைத்தது. "உஷ், உஷ்" என்று குலுக்கினார். அது இன்னும் கத்தியது.

உள்ளே டக்கடக் என்று கொத்துகிற சத்தம் கேட்டது. மகள் தலையைத் தூக்கிக் கேட்டாள். ஆவி பறக்கக் கொத்து ரொட்டி வந்தது. முதல் வாயை எடுத்தாள், ஊதினாள், உதட்டில் வைத்துச் சூடு பார்த்தாள். பார்த்துவிட்டுக் கையை நேராக அழுகிற பாப்பாவின் பக்கம் நீட்டினாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து அவள் வாய்க்கே திருப்பினேன்.

"ஒனக்குத்தான் புள்ள. தின்னு."

அவள் தின்றாள். கடைசித் துணுக்குவரை வழித்துத் தின்றாள். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மதினி எப்போது கிளம்பினார் என்று நான் கவனிக்கவில்லை. போகும்போது, "இனி என் வாசப்படி மிதிக்காதீங்க" என்றார் என்று பிறகு என் வீட்டுக்காரர் சொன்னார். எங்கள் வாசப்படியை அவர் மிதித்து எத்தனையோ வருசம்.

தெமோதரை பஸ்ஸில் நல்ல கூட்டம். ஒரே ஒரு இருக்கைதான் கிடைத்தது. நான் சின்னவனோடு உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகள் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில், புத்தகத்தை மறுபடி நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றாள். டவுன் தாண்டி பஸ் ஏற்றம் பிடித்தது. நான் அவள் தூக்கக் கலக்கத்தில் இருக்கிறாள் என்று நினைத்தேன்.

"நா பெயிலாயிட்டேனாப்பா?" என்றாள்.

என் வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார்.

"கொழும்புக்கு இல்லேன்னுட்டீங்களே. நா என்ன தப்பு செஞ்சேன்? பாப்பாவுக்கு நல்லாத்தானே ஊட்டுனேன். கீழ சிந்தவே இல்ல."

வாயாடி என்று தோட்டமே என்னைச் சொல்லும். அன்றைக்கு அந்தக் கேள்விக்கு வாய் திறந்தது அவர்தான். ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி, இன்னொரு கையை அவள் தலையில் வைத்துச் சொன்னார்.

"நீ பாஸுதாம்மா. அதுனாலதான் அனுப்பல."

அவளுக்கு அது விளங்கவில்லை. வளைவு திரும்பும்போது என் முழங்காலில் சாய்ந்துகொண்டு, "அப்ப நாளைக்கு நம்ம ஸ்கூலுக்கே போகணுமா?" என்று கேட்டாள்.

"போகணும்" என்றேன். அடையாளக் காகிதம் இருந்த பக்கத்தைத் திறந்து, "இப்ப வாசி, நா கேக்குறேன்" என்றேன்.